மூச்சும் பருமனும்

விழா மலர்களுக்குக் கட்டுரை எழுதுவோர் கல்லூரிக் கட்டடங்களைப் புகழ்வதும், பரீட்சைப் பேறுகளை எண்ணிக் காட்டுவதும், மறைந்த ஆசிரியர்களை நினைவுகூர்வதும் வழக்கம். அவை யாவும் வேண்டுவனவே. ஆயினும், தமிழ் கற்பிக்கும் எம்மை மலர்க் குழுவினர் அணுகிப் பயனுள்ள பொருளொன்றைப்பற்றி எழுதுமாறு பணித்தபோது, எமது உள்ளம் இலக்கியத்தை நாடவில்லை, உடலை நாடிற்று. தமிழாசிரியருக்கு உடலைப்பற்றி எழுத என்ன உரிமை உண்டென வாசகர் வினவக்கூடும். அவ்வுரிமை எமக்கு ஒரு தவற்றினாற் கிடைத்தது. ஆதலின் அத்தவற்றை முதலிற் கூறிவிடுகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒன்பதாந் தர வகுப்பிலே கட்டுரைப் பயிற்சியின்பொருட்டு எமது ஊர்ப் பெருமக்களைப்பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி அவர்கள் 1954ஆம் ஆண்டு வல்வெட்டித்துறைக் கரையிலிருந்து புறப்பட்டு, ஏறக்குறைய 27 மணி நேரம் நீந்திக் கோடிக்கரையை அடைந்து, பாக்குநீரிணையை நீந்திக் கடந்த முதல்வர் என்னும் பெயர்பெற்ற வரலாற்றைக் கூறினோம். அவருக்குப் பின் வல்வெட்டித்துறையிற் பிறந்த ஆழிக்குமரன் ஆனந்தன் அவர்கள் 1971இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே போகவும் வரவும் 51 மணி நேரம் நீந்தியதையும், 1984இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றபோது உயிர்நீத்ததையும் கூறினோம். பிள்ளைகள் வாய்திறந்து கேட்டுக்கொண்டிருந்தனர். அப்போது பின்வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். சற்றுப் பருத்த உடலினன். "சேர், மொத்தமான ஆக்களும் அவ்வளவு தூரம் நீந்தேலுமோ?" என்று கேட்டான்.

வகுப்புச் சிரித்தது. நாமும் சிரித்தோம். அஃதோடு நிறுத்தினோமோ எனின், இல்லை. "முதல்ல வயித்தைக் குறை, பிறகு நீந்திறதைப் பாப்பம்" என்றோம். வகுப்பு மீண்டும் சிரித்தது. அம்மாணவன் அமர்ந்துவிட்டான். அடுத்த வாரம் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கான பயிற்சி தொடங்கியபோது அவன் ஓட வரவில்லை. திடலின் ஓரத்து வேப்பமர நிழலில், ஓடுகின்ற பிள்ளைகளின் செருப்புகளுக்குக் காவலாக அமர்ந்திருந்தான். அவ்வாண்டு முழுவதும் அங்கேயே அமர்ந்திருந்தான்.

அவன் கேட்ட வினா நல்ல வினா. அதற்கு விடை எமக்குத் தெரியாதிருந்தது. தெரியாததை நகையினால் மறைத்தோம். பின்னர் நூல்களைத் தேடிக் கற்றபோது, நாம் கூறிய விடை பிழையென்றும், தலைகீழான பிழையென்றும் உணர்ந்தோம். வயிறு குறைந்தபின் ஓடலாம் என்பதன்று முறை, ஓடவேண்டியது முதலில். இக்கட்டுரை அவ்வினாவுக்கு நாம் காலந்தாழ்த்தி எழுதும் விடை.

நீச்சலிலிருந்தே தொடங்குவோம். 1955இல் பியூ, எட்ஹோம் என்னும் ஆங்கில ஆராய்ச்சியாளர் இருவர் ஆங்கிலக் கால்வாயை நீந்துவோரின் உடலமைப்பை ஆராய்ந்து, 'லான்செற்' என்னும் மருத்துவ இதழில் எழுதினர். நெடுந்தூர நீச்சல் வீரருட் பலர் மெலிந்தோரல்லர். தோலின்கீழ்க் கொழுப்பு மிகுந்தவர் என்பதை அவர்கள் கண்டனர். மெலிந்த உடலினரான பியூ தாமே குளிர்நீரில் இறங்கிப் பார்த்தபோது விரைவிற் குளிர்ந்துபோயினார். கொழுப்புடைய நீச்சல் வீரரோ நெடுநேரம் தாங்கினார். கொழுப்பு, குளிருக்கு இட்ட கம்பளம்போல உள்வெப்பத்தைக் காத்தது. எனவே, பருத்த உடலினர் நெடுந்தூரம் நீந்தலாமோ என்பதற்கு நீச்சலுலகம் எப்போதோ விடை கூறிவிட்டது.

ஆயினும் கம்பளம் படகைச் செலுத்தாது. கையையும் காலையும் மணிக்கணக்காக அசைப்பது எது? இருதயமும் சுவாசப்பையும் குருதியும் தசையும் ஒன்றுகூடிச் செய்யும் வேலையே அது. நாம் உள்ளிழுக்கும் மூச்சிலுள்ள பிராணவாயுவைச் சுவாசப்பை குருதிக்குக் கொடுக்கின்றது. இருதயம் அக்குருதியைத் தசைக்கு அனுப்புகின்றது. தசை அதனைக்கொண்டு எரிபொருளை எரித்து வேலை செய்கின்றது. ஓய்ந்திருக்கும்போது இருதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லீற்றர் குருதியைச் செலுத்தும். கடும் முயற்சியின்போது சாதாரண இளைஞர் ஒருவரின் இருதயம் 20 லீற்றர்வரை செலுத்தும். நெடுநாட் பயிற்சிபெற்ற ஓட்டவீரரின் இருதயமோ 30 லீற்றரையும் கடக்கும். ஒருவர் தம் முழுமுயற்சியில் எவ்வளவு பிராணவாயுவைப் பயன்படுத்த வல்லவர் என்பதே அவருடைய மூச்சுவன்மையின் அளவு. இதனைக் கண்ணாற் காணவியலாது, தராசு காட்டாது, சட்டையின் அளவும் சொல்லாது. பருமனோ எல்லார் கண்ணுக்கும் புலப்படுவது. கண்ணுக்குத் தெரிவதை வைத்து உடலை மதிப்பிட்டதே எமது முதற் பிழை.

மூச்சுவன்மைக்கும் நெடுநாள் வாழ்வுக்கும் உள்ள தொடர்பை உலகுக்கு உணர்த்திய ஆராய்ச்சி, இலண்டன் மாநகரத்து இரட்டைத்தட்டு பஸ் வண்டிகளிற் பிறந்தது. ஜெறி மொறிஸ் என்னும் மருத்துவரும் அவர்தம் கூட்டத்தினரும் 1953இல் அதனை வெளியிட்டனர். பஸ்ஸிலே இருவர் வேலைசெய்வர்: சாரதி ஒருவர், நடத்துநர் ஒருவர். இருவரும் ஒரே நிறுவனத்தார், ஒரே தரத்தார், ஒரே தெருவில் ஒரே புகையைச் சுவாசிப்பவர். சாரதி பகல் முழுவதும் அமர்ந்திருப்பார். நடத்துநர் பற்றுச்சீட்டுக் கொடுப்பதற்காக நாடோறும் ஏறக்குறைய 600 படிகள் ஏறுவார். இவர்களுள் மாரடைப்பு நடத்துநருக்குக் குறைவாக வந்தது. வந்தவருள்ளும் உடனே இறந்தோர் குறைவு. படியேறுதலே மருந்தாயிற்றென மொறிஸ் எண்ணினார்.

அறிஞர் சிலர் ஒரு தடை எழுப்பினர். சாரதிகள் பருத்தவர்கள், நடத்துநர்கள் மெலிந்தவர்கள், எனவே காரணம் படியன்று, பருமனே என்றனர். மொறிஸ் இத்தடையை மறைக்கவில்லை. சீருடை தைத்தோரின் கணக்கேட்டை வாங்கிப் பார்த்து, சாரதிகளின் காற்சட்டை இடுப்பளவு பெரிதென்பதை 1956இல் தாமே எழுதினார். அவ்வளவில் நில்லாது மேலும் ஆராய்ந்தார். மெலிந்த நடத்துநரை மெலிந்த சாரதியோடும், பருத்த நடத்துநரைப் பருத்த சாரதியோடும் ஒப்பிட்டபோது என்ன கண்டார்? ஒவ்வொரு நிலையிலும் நடத்துநருக்கே நோய் குறைவாயிருந்தது. இடுப்பளவு எதுவாயினும் படியேறியவர் பயன்பெற்றார்.

இதனைப் பின்னும் தெளிவாக்கியது அமெரிக்காவிலே டலஸ் நகரத்து ஆராய்ச்சி. ஸ்ரீவன் பிளெயர் என்னும் அறிஞரும் அவர்தம் கூட்டத்தினரும் 21,925 ஆடவரை, அசையும் பட்டியின்மேல் நடக்கவும் ஓடவும் செய்து மூச்சுவன்மையை அளந்தனர், உடற்கொழுப்பையும் அளந்தனர், ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். 1999இல் முடிபு வெளிவந்தது. மெலிந்திருந்தும் மூச்சுவன்மை அற்றவர், மெலிந்து மூச்சுவன்மையும் உடையவரைக் காட்டிலும் இருமடங்கு இறந்தனர். பருத்திருந்தும் மூச்சுவன்மை உடையவரோ, மெலிந்த வன்மையாளரைவிட மிகுதியாக இறக்கவில்லை. வேப்பமர நிழலில் அமர்ந்திருந்த பிள்ளையை நாம் திடலுக்கு அழைத்திருக்கவேண்டும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

ஆயின், ஒரு பக்கத்தை மட்டுங் கூறி முடித்தல் ஆசிரியருக்கு அழகன்று. டலஸ் ஆராய்ச்சிக்கு உட்பட்டோர் பெரும்பாலும் வசதிபடைத்த வெள்ளையர். பிறிதோர் ஆராய்ச்சி அமெரிக்கத் தாதியர் 1,16,564 பேரைப்பற்றியது. 24 ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பட்டு 2004இல் வெளிவந்தது. மெலிந்து உடலுழைப்பும் உடைய பெண்களின் இறப்பை ஒன்றெனக் கொண்டால், மெலிந்து உழைப்பற்றோரின் இறப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. பருத்து உழைப்புடையோரின் இறப்பு இருமடங்குக்குச் சற்றுக் குறைவு. பருத்து உழைப்பும் அற்றோரின் இறப்பு ஏறக்குறைய இரண்டரை மடங்கு. அஃதாவது, உழைப்பு பருமனின் தீமையைக் குறைத்தது, முற்றாகத் துடைக்கவில்லை. தொப்பையை வைத்துக்கொண்டு நடந்தாற் போதும் என்று பழைய மாணவர் யாரேனும் மகிழ்வாராயின், அம்மகிழ்ச்சியை நாம் இங்கே சற்றுக் குறைக்கவேண்டியிருக்கின்றது.

அன்றியும், எம்மவருக்கென்று தனியான ஓர் எச்சரிக்கை உண்டு. புனே நகரத்து மருத்துவர் யாஜ்ஞிக் அவர்களும் இலண்டன் மருத்துவர் யுட்கின் அவர்களும் தம் உடல்களையே அளந்து, 2004இல் படத்தோடு வெளியிட்டனர். உயரத்துக்குரிய எடைக்கணக்கில் இருவரும் ஒரே அளவினர். இருவருக்கும் அவ்வெண் 22.3. கண்டோர் இருவரையும் மெலிந்தவர் என்பர். ஆயினும் யுட்கினின் உடலிற் கொழுப்பு நூற்றுக்கு 9 பங்கு. யாஜ்ஞிக்கின் உடலில் 21 பங்கு. தெற்காசிய மக்களாகிய எம்முடைய உடல், கையும் காலும் மெலிந்திருக்க, வயிற்றினுள்ளே கொழுப்பைச் சேமிக்கும் இயல்புடையது. தோலின்கீழுள்ள கொழுப்பினும், குடலையும் ஈரலையும் சூழ்ந்து நிற்கும் இக்கொழுப்பே தீயது. இது, குருதியிலுள்ள சர்க்கரையைத் தசைக்குள் புகுத்தும் இன்சுலினின் ஆணையை மதியாதவாறு உடலைக் கெடுக்கின்றது. அதன் விளைவே எம்மூர் எங்கும் வீட்டுக்கு வீடு பேசப்படும் சலரோகம். இக்காரணத்தினாலேயே, மேலைநாட்டாருக்கு அவ்வெண் 25ஐத் தாண்டும்போது கூறும் எச்சரிக்கையை, ஆசிய மக்களுக்கு 23இலேயே கூறவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் அறிஞர் குழு 2004இல் எழுதியது. எம்மவருக்கு இடுப்பளவே நல்ல அளவுகோல்: ஆடவருக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்டிருக்கு 80 சென்ரிமீற்றரும் எல்லை. ஒரு தையற்காரரின் நாடா போதும். வேறு கருவி வேண்டா.

இலங்கையிலே நடத்தப்பட்டு 2008இல் வெளிவந்த கணக்கெடுப்பு, 20 வயதுக்கு மேற்பட்டோருட் பத்தில் ஒருவருக்குச் சலரோகம் உண்டென்று காட்டியது. அவருள் மூன்றிலொரு பங்கினர் தமக்கு நோய் உள்ளதை அறியாதிருந்தனர். போர் காரணமாக வடக்கும் கிழக்கும் அக்கணக்கெடுப்பிற் சேரவில்லை.

எம்மோடு பணியாற்றிய ஆசிரியர் ஒருவரை இங்கே நினைக்கின்றோம். மெலிந்து நெடிய உருவம். எவ்வளவு உண்டாலும் உடம்பு வைக்காது என்று நாம் எல்லோரும் அவர்மேற் பொறாமை கொண்டிருந்தோம். விருந்துகளில் அவர் இலையிலே வடையும் பாயசமும் இருமுறை வீழும். வீட்டிலிருந்து பள்ளிக்கு மோட்டார் சைக்கிள். பள்ளியிலிருந்து தனியார் வகுப்புக்கு மோட்டார் சைக்கிள். மாடிப்படி ஏறினால் இளைப்பு. நாற்பது வயது நிரம்புமுன் காற்புண் ஒன்று ஆறாமையால் வைத்தியசாலைக்குச் சென்றபோதுதான், சலரோகம் பல ஆண்டுகளாக உடலிற் குடியிருந்தமை தெரிந்தது. அவருடைய மெலிவே அந்நோயை எல்லோர் கண்ணிலிருந்தும் மறைத்தது. பருத்த பிள்ளையைப் பார்த்துச் சிரித்த அதே கண்கள் மெலிந்த நண்பரைப் பார்த்து மெச்சின. இரண்டும் ஒரே குருட்டுத்தனம்.

இனி எமது துணிபைக் கூறுவோம். மூச்சும் பருமனும் ஆகிய இரண்டும் கணக்கில் வரவேண்டியவையே. ஆயினும் எதனை முன்வைத்துத் தொடங்குவது எனின், மூச்சையே முன்வைக்கவேண்டும் என்பது எமது அபிப்பிராயம். அதற்குக் காரணம் மூன்று. பருமனைக் குறைத்தல் அரிது. குறைத்ததைக் காத்தல் அதனினும் அரிது. மூச்சுவன்மையோ நடக்கத் தொடங்கிய சில வாரங்களிலேயே வளரத் தொடங்கும். தராசின் முள் அசையாதபோதும் ஈரலின் கொழுப்புக் குறையவும், தசை சர்க்கரையை ஏற்கவும் பழகும். இஃது ஒன்று. பருமனை முன்வைத்தால் பருத்தவர் நாணித் திடலைவிட்டு ஓடுவர். மூச்சை முன்வைத்தால் எல்லோரும் திடலுக்கு வருவர். இஃது இரண்டு. பருமனை மட்டும் பார்த்தால் மெலிந்தவர் தாம் தப்பினோம் என்று வாளாவிருப்பர். இது மூன்றாவது.

இக்கருத்துத் தமிழுக்குப் புதிதன்று. திருக்குறளின் 95ஆம் அதிகாரம் மருந்து. அதிலுள்ள பத்துக் குறள்களில் ஆறு உணவின் அளவைப்பற்றியே பேசுகின்றன. உடற்பயிற்சி என்னும் சொல் அங்கே இல்லை. ஆயினும், மிகுதியும் குறைவும் நோய்செய்யும் என்னும் முதற் குறளுக்கு உரைகூறிய பரிமேலழகர், மிகுவனவும் குறைவனவும் எவை என்று விளக்குமிடத்து, உணவோடு செயலையும் சேர்த்துக் கூறினார். எமது நாவலர் பெருமான் பதிப்பித்த அவ்வுரையைப் பலமுறை பாடஞ்சொல்லியும், அச்சொல்லின் கனத்தை நாம் உணரவில்லை. செயல் குறைந்தாலும் நோய் என்கின்றார் உரையாசிரியர். வள்ளுவர் காலத்தார்க்குச் செயல் குறையும் என்னும் அச்சம் அதிகம் இருந்திராது. எமக்கோ அஃதே முதல் அச்சம்.

எமது மண்ணின் அண்மை வரலாற்றையே நோக்குக. எம் பாட்டன்மார் தோட்டத்துக் கிணற்றிலே துலா மிதித்தனர். ஒருவர் கீழே நின்று பட்டையைப் பிடிக்க, மற்றவர் துலாவின்மேல் முன்னும் பின்னும் நடந்து நீரிறைப்பார். புகையிலைக் கன்றுக்கும் வெங்காயப் பாத்திக்கும் நீர் பாயும்வரை அந்நடை ஓயாது. அவர்களை யாரும் தேகாப்பியாசம் செய்யுமாறு ஏவவில்லை. பின்னர் நீரிறைக்கும் இயந்திரம் வந்தது, துலா ஓய்ந்தது. முதுகு ஒடிய உழைத்தவர்க்கு அஃது ஆறுதலே, அதனைக் குறைகூறோம். 1990களிலே பொருளாதாரத் தடையினால் எரிபொருள் இல்லாதொழிந்தபோது, குடாநாடு முழுவதும் துவிச்சக்கர வண்டியில் ஏறிற்று. நாம் பள்ளி சென்றதும் அவ்வண்டியிலேதான். விறகும், நோயாளியும், வீட்டுப் பொருளும் அவ்வண்டியிலேதான் சென்றன. பசியும் இழப்பும் சாவும் நிறைந்த அக்காலத்தை நல்ல காலமென்று கூறுதல் பாவம். எவரும் அதற்கு ஏங்கவேண்டா. ஆயினும் 2002இல் பாதை திறந்து, மோட்டார் சைக்கிளும் முச்சக்கர வண்டியும் பெருகியபோது, துன்பத்தோடு சேர்ந்திருந்த அந்த ஒரு நன்மையையும் துன்பத்தோடு சேர்த்தே எறிந்துவிட்டோம். அடுத்த தெருக் கடைக்கும் இயந்திரத்திலே செல்கின்றோம்.

இழந்ததன் எச்சம் இன்றும் ஓரிடத்தில் உண்டு. தொண்டைமானாற்றங்கரையிலே செல்வச்சந்நிதி முருகன் கோயில் கொண்டிருக்கின்றான். அன்னதானக் கந்தன் என்பது அவனுக்கு வழங்கும் பெயர். அங்கே வயிறார உணவு கிடைக்கும். அதே சந்நிதியிலிருந்துதான் ஆண்டுதோறும் கதிர்காமப் பாதயாத்திரை புறப்படுகின்றது. குடாநாட்டைக் கடந்து, கிழக்குக் கரையோரமாகப் பல வாரங்கள் நடந்து, அடியார்கள் கதிர்காமத்தை அடைகின்றனர். அவர்களுள் மெலிந்தவரும் உளர், பருத்தவரும் உளர். முதியவரும் பெண்களும் பலர். யாரும் யாருடைய இடுப்பையும் அளப்பதில்லை. அன்னமும் நடையும் ஒரே சந்நிதியில் இருப்பதை எம் முன்னோர் வகுத்த பாடமென்றே கொள்கின்றோம். நாம் அன்னத்தை வைத்துக்கொண்டு நடையை விட்டோம்.

இனி, கல்லூரிக்கு வருவோம். எமது இரண்டாவது தவறு இங்கே இருக்கின்றது. க.பொ.த. சாதாரண தர வகுப்புக்குத் தமிழ் கற்பிக்கும் நாம், பாடத்திட்டம் முடியவில்லை என்னும் காரணங்காட்டி, உடற்கல்விப் பாடவேளையை எத்தனைமுறை கேட்டு வாங்கினோம் என்பதற்குக் கணக்கில்லை. கணித ஆசிரியரும் விஞ்ஞான ஆசிரியரும் அவ்வாறே வாங்கினர். உடற்கல்வி ஆசிரியர் நல்லவராகையால் மறுக்கமாட்டார். பிள்ளைகளும் முணுமுணுத்துவிட்டு அமர்வர். பள்ளி விட்டபின் தனியார் வகுப்பு. அதன்பின் இரவுப் படிப்பு. வளரும் பிள்ளை விழித்திருக்கும் நேரத்திற் பெரும்பகுதியை வாங்கிலே கழிக்கின்றான். இலண்டன் சாரதியாவது வயிற்றுப்பிழைப்புக்காக அமர்ந்திருந்தார். எம் பிள்ளையை நாமே அமர்த்தி வைத்திருக்கின்றோம்.

பரீட்சையே எம் பிள்ளைகளின் பிழைப்பு. அதிலே குறைவு வந்தால் யார் பொறுப்பேற்பது எனப் பெற்றோர் கேட்பர். நியாயமான கேள்வி. போரினாற் பொருளும் மண்ணும் இழந்த மக்களுக்குக் கல்வியொன்றே கைவிளக்கு என்பதை எம்மினும் நன்கறிந்தார் யாவர்? ஆயினும், கல்வியாற் பெறும் உத்தியோகத்தை ஐம்பது வயதில் மாரடைப்புக்குக் கொடுப்பதாயின், அவ்விளக்கு யாருக்கு எரிந்தது? வாரத்தில் இரண்டு பாடவேளையை விட்டுக்கொடுப்பதனால் ஒரு தமிழ்ப் பாடமும் கெட்டுவிடாது. எமது வகுப்பில் நாம் அவ்வாறு செய்து பார்த்தோம். திடலிலிருந்து வியர்த்து வந்த பிள்ளை பாடவேளையில் உறங்குவதில்லை என்பதை மட்டும் உறுதியாகக் கூறுவோம்.

ஆதலின், இவ்விழாவை முன்னிட்டு மூன்று வேண்டுகோள்களை விடுக்கின்றோம்.

முதலாவது, ஆசிரியராகிய எமக்கு. உடற்கல்விப் பாடவேளையை எக்காரணங்கொண்டும் எவரும் கேட்டு வாங்கலாகாது. உயர்தர வகுப்புக்கும் இவ்விதி பொருந்தவேண்டும். பிள்ளைகளை வகுப்பின் நடுவே நிறுத்தி நிறுவை பார்த்து எண்ணை உரக்கச் சொல்லும் வழக்கம் ஒழியவேண்டும். நிறுக்கவேண்டுமாயின் தனியே நிறுத்துப் பெற்றோருக்கு அறிவிக்கலாம்.

இரண்டாவது, கல்லூரிக்கு. மெய்வல்லுநர் போட்டியில் முதலிடம் பெறுவோர்க்கு வெற்றிக் கிண்ணம் கொடுக்கின்றோம், அது நன்று. அதனோடு இன்னொரு பரிசும் வைப்போம். கூப்பர் என்னும் அமெரிக்க மருத்துவர் 1968இல் ஓர் எளிய அளவுகோலை வெளியிட்டார்: 12 நிமிடத்தில் ஒருவர் எவ்வளவு தூரம் ஓடவோ நடக்கவோ வல்லவர் என்பதே அது. ஒரு மணிக்கூடும் அளந்த திடலும் இருந்தாற் போதும். முதலாந் தவணையில் ஒவ்வொரு மாணவனும் கடந்த தூரத்தைக் குறித்துவைத்து, மூன்றாந் தவணையில் மீண்டும் அளந்து, தன்னைத் தானே மிகுதியாக வென்றவனுக்கு அப்பரிசைக் கொடுப்போம். அது மெலிந்தவனுக்குக் கிடைக்கலாம், பருத்தவனுக்கும் கிடைக்கலாம். வேப்பமர நிழல் வெறுமையாகும்.

மூன்றாவது, பழைய மாணவருக்கு. கொழும்பிலும் கனடாவிலும் இங்கிலாந்திலும் வாழும் அன்பர்கள் கட்டடங்களுக்கு வாரி வழங்கியதைக் கல்லூரி மறவாது. இனி, பயிற்சிபெற்ற ஒருவரைக்கொண்டு எம் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பிக்க உதவுங்கள். கடலும் ஆறும் சூழ்ந்த ஊரிலே நீந்தத் தெரியாத பிள்ளைகள் பெருகிவருதல் வெட்கம், அபாயமுமாகும். பயிற்றுவோர் உடனின்றி ஆற்றிலும் கடலிலும் இறங்கலாகாதென்பதை மாணவர் மனங்கொள்க. பழைய மாணவராகிய உங்கள் உடலையும் கவனியுங்கள். கிழமைக்கு 150 நிமிடமாவது விரைந்து நடத்தல் வேண்டுமென்பது உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்த அளவு. நடக்கும்போது பேச முடியவேண்டும், பாட முடியாதிருக்கவேண்டும். அதுவே ஏற்ற விரைவு. நெஞ்சுநோவோ நீண்டநாட் சலரோகமோ உடையவர் வைத்தியரைக் கலந்து தொடங்குக. விழா விருந்துக்கு முந்திய காலையில், கல்லூரி வாசலிலிருந்து சந்நிதி வாசல்வரை எல்லோரும் கூடி நடப்போமாயின், பின்பு உண்ணும் விருந்தும் நன்றாகச் செரிக்கும்.

இன்றைய உயர்தர மாணவருக்குத் தொண்டைமானாறு என்றவுடன் வெளிக்கள நிலையத்தின் வினாத்தாள்களே நினைவுக்கு வருகின்றன. வடமாகாண மாணவர் எத்தனையோ பேரைப் பல்கலைக்கழகத்துக்கு ஆயத்தஞ்செய்த அந்நிலையத்தின் பணி போற்றற்குரியது. எனினும், வெளிக்களம் என்னும் பெயரின் பொருளையும் சிந்திப்போம். அறையைவிட்டு வெளியே வந்து கற்பதற்கும் ஒரு களம் உண்டு. 1954இல் இவ்வூர் மகன் ஒருவர் அக்களத்திலிறங்கி, ஒரு பகலும் ஓர் இரவும் மூச்சை நம்பி அக்கரை சேர்ந்தார். வினாத்தாளும் நீரிணையும் ஆகிய இரண்டையும் கடக்கவல்ல பிள்ளைகளை இக்கல்லூரி இனிவரும் ஆண்டுகளில் உருவாக்குவதாக.

அம்மாணவன் எமது கல்லூரியைவிட்டு நீங்கிச் சில ஆண்டுகள் ஆகின்றன. இம்மலர் ஒருவேளை அவன் கைக்கும் எட்டக்கூடும். எட்டுமாயின், அவனுக்கு அன்று கூறியிருக்கவேண்டியதை இங்கே கூறி அமைகின்றோம்: நீந்தலாம், தம்பி. மொத்தமான ஆக்களும் நீந்தலாம். உனது வினா நல்ல வினா. சிரித்தது எமது பிழை.